பிரிஸ்கில்லாவின் இரண்டாவது குரல்

எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்தே லாரி இரைச்சல், இன்ஸ்பெக்டர் அம்மா. வீட்டில் ஒலிப்பதிவு அறை கட்டியபோது அதை அடைக்க வழி தேடினேன். ராஜபாளையத்தில் மில் கழிவுப் பஞ்சு கேட்டால் மூட்டையாகவே கொடுப்பார்கள். நான்கு சுவரிலும் அதைத் திணித்து, மேலே சாக்குத்துணி அடித்தேன். இரைச்சல் நின்றது.

பழைய பண்களை நூற்பாலை இயந்திரங்களின் ஓசையோடு சேர்த்து இசையமைப்பது என் வேலை. அதற்குக் கமகம் பழகாத, நேராக நிற்கும் குரல் வேண்டும். சர்ச்சில் பிரிஸ்கில்லா பாடக் கேட்டேன். பன்னிரண்டு வருஷம் மில்லில் இருந்து, பஞ்சுத்தூசியால் மூச்சிரைப்பு வந்து வேலையை விட்டு நின்றவள். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

அறையைப் பார்த்துச் சிரித்தாள். "மில்லுலயாச்சும் மூக்குல துணி கட்ட விட்டாவ. நீங்க அதுக்கும் வழியில்லாம பாடச் சொல்லுதியளே சார்."

நானும் சிரித்தேன்.

அவள் இன்ஹேலரை உறிஞ்சும் சத்தம் மைக்கில் விழுந்தது. கைப்பையோடு அதை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

"மூச்சு முட்டுனா?"

"கையக் காட்டு. நிறுத்திருதேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை, புறநீர்மை என்ற பண்ணில் அமைந்த பாட்டை நான்காம் முறை பாடினாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கதவை இறுக்கித் தாழிட்டால்தான் சத்தம் கசியாது. தாழ்ப்பாளும் என் பக்கம்தான். திடீரென்று அவள் குரலுக்கு அடியில் இன்னொரு குரல். நெஞ்சுக்குள்ளிருந்து, மெல்லிய விசில் போல. அதில் பாதி மனிதர், பாதி இயந்திரம். இரண்டு வருஷமாக நான் தேடிய ஒலி.

கையைக் காட்டினாள். ஒரு நிமிஷம் என்று நான் ஒரு விரலை உயர்த்தினேன். நம்பி நின்றாள். பிறகு கண்ணாடியைத் தட்டினாள். தட்டும் சத்தம் விழாதபடி மைக்கின் அளவைக் கொஞ்சம் குறைத்தேன். அவள் கையைக் காட்டியதிலிருந்து நான்கு நிமிஷம், பதினோரு நொடி. அவள் சரிந்த பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். கண் திறந்துதான் இருந்தது.

போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த இசைக்கு அரங்கேற்றம். அவள் கணவர் ஜெபக்குமாரை முன்வரிசையில் உட்கார வைத்தேன். முடிந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அவ மூச்சக்கூட இம்புட்டு அழகா ஆக்கிட்டீயளே சார். கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

இல்லை என்றேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

சொன்னாள். "சார், பிள்ளைக இருக்கு."

அந்த இடத்தை வெட்டித் தனியாக வைத்திருக்கிறேன். ஜெபக்குமாரிடம் கொடுத்துவிடுங்கள். இசையில் மட்டும் சேர்க்கச் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் அவள் சுருதி விலகிவிட்டாள்.