தங்கச்சிமடத்துச் சந்தில் நின்றுபோன அம்பாசடர்

ஹலோ... ஹலோ, காஜா நவாஸ் ஒர்க்‌ஷாப்பா?... பாய், நாந்தேன், முதுகுளத்தூர் பாண்டித்துரை. போன வாரம் நீங்க ரெடி பண்ணிக் குடுத்த அம்பாசடர்... ஆமா, மறுபடியும் நின்னுபோச்சு... எங்கனயா? தங்கச்சிமடத்துல... ஆமா ஆமா, போன அமாவாசைக்கு நின்ன அதே எடந்தான்.

சிரிக்காதீக பாய். எங்கய்யாவுக்குத் தர்ப்பணம் குடுக்க ராமேஸ்வரம் போறவன், நடுவழியில இப்பிடி...

ம்... ம்... ஸ்டார்ட் ஆகுது. ஆக்ஸிலேட்டர மிதிச்சுப் பிடிச்சா உறுமுது. கால எடுத்தா ரெண்டு குலுக்குக் குலுக்கி அணைஞ்சுருது... சோக்கு நாபா? உள்ளதான் தள்ளியிருக்கேன்... பெட்ரோல் நேத்துப் போட்டதுதான்... பானட்டத் தெறந்து வச்சுத்தான் நிக்கிறேன். ஓஸெல்லாம் மாட்டித்தான் இருக்கு. உஸ்ஸுன்னு காத்துச் சத்தம் ஒண்ணுமில்ல.

மெயின் ரோட்ட விட்டு உள்ள எதுக்கு வந்தேனா? அது... குறுக்குப் பாதைன்னு... ஆமாய்யா, இந்தச் சந்துக்கு அங்கிட்டுக் கடல்தான். தெரியும்.

சரி, சொல்லுங்க... ஐடிலிங் ஸ்குரூவா... கால எடுத்தாலும் எஞ்சின ஓட வைக்குமே, அதுவா?... இந்தா, தெரியுது. நீங்க வச்ச செவப்புப் பெயிண்டு அடையாளத்த விட்டு மூணு சுத்து வெளிய வந்துருக்கு... தானாக் கழண்டிருக்கும்... ஸ்பிரிங் போட்டிருக்கா? அப்பத் தானாக் கழண்டு வராதா?... என்ன பேசுறீக பாய்! ஊர்த் தலைவரு நான். ரோட்டுல நின்னு ஸ்குரூ கழட்டுற ஆளா?

...

ஆமா பாய். நாந்தேன். பாம்பன் பாலம் தாண்டி ஓரங்கட்டிக் கழட்டுனேன்... ஆமா, போன தடவையும்.

வேற எப்பிடி நிறுத்தச் சொல்றீக? ஜெயப்பிரியா அந்த ஆன்டோவக் கட்டிக்கிட்டுப் போனப்ப, உசுரோட இருக்கிற மகளுக்குக் கலர்ல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டுனவன் நான். அதுலயும் அவ பேர விட என் பேரு பெருசா. அப்பிடிப்பட்டவன் இந்தச் சந்துல அவ வாசல்ல சும்மா வண்டிய நிறுத்த முடியுமா? வண்டி தானா நின்னா ஊர்ல ஒரு பய கேக்க மாட்டான்...

இருங்க, இருங்க... ஆன்டோ வாராரு. மெதுவாப் பேசுறேன்... ஆமா, போட்டுல எஞ்சின் பாக்கிறவருதான்... ஸ்குரூடிரைவரக் கேக்குறாரு. "கொஞ்சம் தள்ளுங்க சார்"ங்கிறாரு... சாராம் பாய். மாமான்னு கூப்பிட்டா பல்லக் கழட்டுவேன்னு அன்னைக்குச் சொன்னது நாந்தேன்...

உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்றாரு... இருங்க...

கேக்குதா? கால எடுத்துட்டேன் பாய். ஓடுது. அரை நிமிசந்தான், பானட்ட மூடிட்டாரு.

பாய்... ஜெயா வாசலுக்கு வந்துட்டா... எளச்சுப் போயிருக்கா. இடுப்புல புள்ள. பொம்பளப் புள்ள பாய், எங்கம்மா மூக்கு அப்பிடியே... இல்ல, என்னையப் பாக்கல. வண்டியத்தான் பாக்குறா... புள்ள கேக்குது, "யாரும்மா?"ன்னு...

...

"யாரோ ராமேஸ்வரம் போறவங்க, வண்டி நின்னுபோச்சு"ன்னு சொல்றா.

இல்ல பாய், கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலையே... சாதாரணமாச் சொல்றா. ஆன்டோகிட்டச் சொம்புல தண்ணி குடுத்து விடுறா, வழிப்போக்கனுக்குக் குடுக்கிறாப்ல...

என்ன?... எறங்கவா?... எறங்கி என்னன்னு சொல்ல பாய்? வண்டிதான் நல்லாயிருச்சே... ஆமா... ஆமா, நாலு எட்டுத்தான். எனக்குத் தெரியாதா?... சொம்ப ஆன்டோகிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்...

உள்ள போயிட்டா பாய்.

பின்னால ஐஸ் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். "பெருசு, வண்டிதான் ஓடுதுல்ல, எடுய்யா"ங்கிறான்...

எடுக்கிறேன்யா... எடுக்கிறேன்...

வைக்கிறேன் பாய்.