ஈரத்துணிச் சோதனை

அப்பா: இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கால் இருக்கே தவிர கண்ணு இல்ல. வாசல்ல மிதியடி எதுக்குக் கிடக்கு, அழகுக்கா? இப்பதான் கூட்டினேன், அதுக்குள்ள மண்ணு!

மகள்: அப்பா, துடைப்பத்தை ஓரமா வச்சுட்டு இங்க வாங்களேன்.

அப்பா: அப்பாங்கிறதெல்லாம் வீட்டுல. இந்தக் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள நான் கூட்டுறவன், நீ மேடம்.

மகள்: இங்க யாருமே இல்லையே...

அப்பா: இந்த அலமாரி சைஸ் மெஷினுக்குக் காது இருக்கோ என்னவோ, யாரு கண்டா? கூட்டுறவன் பொண்ணுன்னு எவனும் உன்னை எளப்பமா பாக்கக் கூடாது. முப்பது வருஷமா இந்தக் கிழட்டு மெஷினைச் சுத்தி வளைஞ்ச முதுகு இது. நீ நாற்காலியில நிமிர்ந்து உக்காரு, போதும்.

மகள்: சரி. மேடம் சொல்றேன், வந்து உக்காருங்க. பதினோரு மணிக்குப் பெரிய சார் வர்றார். அதுக்குள்ள இந்த எடிட்டரை நீங்க கெடுக்கணும்.

அப்பா: என்னது?

மகள்: எடிட்டர். ஊர்ல எந்தப் பக்கத்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணி விடணும்னு பட்டியல் இருக்கில்ல... அதை எழுதித் திருத்துறது இதுலதான். போன மாசம்...

அப்பா: தெரியும், தெரியும். கிழக்குப் பக்கம் ஒரு நாள் முழுக்கச் சொட்டுத் தண்ணி வரல. உனக்கு ஓலை வந்துச்சு.

மகள்: இன்னொரு தடவை அப்படி ஆனா என்னை இதுலேருந்து தூக்கிடுவாங்க. இனிமே ஆகாதுன்னு இன்னைக்குக் காட்டணும். அதான் எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கேன். சோதிக்க உங்களை விட்டா ஆள் ஏது? பெத்த பொண்ணு உப்பு போட்டேன்னாலும் நக்கிப் பாக்குற மனுஷன்!

அப்பா: அன்னைக்கு நீ போடலையே!

மகள்: ஒரு தடவை! சரி, எதையாவது தட்டுங்க. அப்புறம் மேல் வரிசையில மூணாம் பொத்தான், அதுதான் பட்டியலை மூடுறது.

அப்பா: தட்டிட்டேன்... அமுக்கிட்டேன்... ஏ, சிவப்பா என்னமோ திட்டுது!

மகள்: திட்டல. ‘வச்சுக்கவா, விட்டுடவா’ன்னு கேக்குது.

அப்பா: முன்னாடி கேக்காதா?

மகள்: வாயே தொறக்காது. தப்போ சரியோ, அப்படியே வச்சுக்கிட்டு மூடிடும்.

அப்பா: கல்லுளிமங்கன். சரி, நாளைக்கு எவனாவது வந்து பழையபடி மாத்திட்டா?

மகள்: பூட்டியிருக்கேன். அவன் மாத்தினாலும் அடுத்த தடவை தொறக்குறப்ப நான் வச்சபடிதான் வரும்.

அப்பா: யோக்கியனுக்குத்தான் பூட்டு. நகரு... முழங்கையை வைக்கிறேன்.

மகள்: வைங்க.

அப்பா: இந்தா! இப்ப?

மகள்: கேக்குதா?

அப்பா: கேக்குது.

மகள்: ‘விட்டுடு’ன்னு சொல்லிட்டேன். பட்டியலைப் பாருங்க, ஒரு எழுத்து மாறல.

அப்பா: உன் அம்மாகூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்ல... என் மூஞ்சியை ஏன் பாக்குற? கண்ணுல தூசி.

மகள்: நீங்க கூட்டின ரூம்ல தூசியா?

அப்பா: வாய்... வாய்!

மகள்: கடைசியா ஒண்ணு. தோள்ல கிடக்குற ஈரத்துணியால இந்தப் பொத்தான் பலகையைத் துடைங்க. தினம் துடைக்கிற மாதிரி. முதல்ல கீழ் வரிசை. அப்புறம் மேல் வரிசை.

அப்பா: அதெல்லாம் வேண்டாம்.

மகள்: துடைங்கப்பா.

அப்பா: ...துடைச்சாச்சு.

மகள்: கேக்குதா?

அப்பா: கேக்குது... எத்தனை நாளா தெரியும் உனக்கு?

மகள்: அன்னைக்கு டீ குடிச்சுட்டு வந்தப்ப பொத்தானெல்லாம் ஈரம். பெருசா நினைக்கல. மறுநாள் தண்ணி வரலைன்னதும் புரிஞ்சுது. பட்டியலைத் தொறந்து போட்டுட்டுப் போனது நான்தானே? தப்பு என்னோடதுன்னு பெரிய சாருக்கு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க வாயைத் தொறக்காதீங்க.

அப்பா: உன் காகிதம் இப்ப அவர்கிட்ட இல்ல, என் சட்டைப் பையில இருக்கு. காலையிலயே போய்க் கேட்டு வாங்கிட்டேன். துடைச்சவன் நான், எழுத்தெல்லாம் மறைஞ்சு போனதைப் பாத்தும் மூச்சு விடாம நழுவினவனும் நான்னு சொன்னேன். கூட்டுறவனை வேலையை விட்டு அனுப்புங்க, அவளை அனுப்பாதீங்கன்னேன். ‘உனக்கு ஏன்யா இவ்வளவு அக்கறை?’ன்னார். பெத்தவன்னு சொல்லிட்டேன்... சத்தமா. வெளிய நின்ன நாலு பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்! ‘அதே துணியோட பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் ரூம்ல நில்லு, அவ வேலை தாங்குதான்னு பாக்கறேன்’னுட்டார். அதுக்காக உன் மெஷினை நான் நம்பிட்டேன்னு நினைக்காத. இன்னைக்குக் கேக்கும், நாளைக்கு மறந்துடும். தள்ளு மகளே, வாசலுக்குப் போகணும்... பெரிய சாராவது மிதியடியில காலைத் துடைக்கிறாரான்னு பாக்கறேன்.