தம்பியின் துண்டு

கட்லட் மொறுமொறுப்பாக வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இரண்டு கையையும் ஒன்றாக விடுகிறவர்கள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை தூளுக்கு. பன்றி இறைச்சித் துண்டை மாவில் புரட்டி, இடது கையால் முட்டையில் முக்கி எடுக்க வேண்டும். வலது கையால் ரொட்டித்தூளை அள்ளிப் போட்டு அழுத்த வேண்டும். கை மாறினால் தூள் விரலில்தான் ஏறும், இறைச்சியில் ஏறாது. இதெல்லாம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும், மேடம். செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் இதுதான்.

பள்ளி கேன்டீனில் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறேன். தினமும் நானூறு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கும் என் சாப்பாட்டால் வயிற்றுவலி வந்ததில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள். இறைச்சி வெந்துவிட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்களை நான் நம்பமாட்டேன். எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் மேலே பொன்னிறமாகிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். ஊசி வெப்பமானியை நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். எழுபத்தைந்து டிகிரி காட்டினால் தட்டுக்குப் போகலாம். காட்டிய எண்ணை அப்போதே நோட்டில் எழுத வேண்டும். அது கேன்டீன் சட்டம். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு, கயிற்றில் ஒரு பென்சில். தம்பி கிண்டல் பண்ணுவான். "ஏன்க்கா, நம்ம வீட்டுக்கு இன்ஸ்பெக்டரா வரப்போறாங்க?" கடைசியில் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு ஆறு. உறவுக்காரர்கள் ஒரு வாரம் உச்சுக்கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அப்போது இறைச்சி கொஞ்சம்தான் வாங்க முடியும். சாப்பாட்டு மேசைக்கு நான் இரண்டு சட்டம் போட்டேன். பெரிய துண்டு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு. தட்டில் விழுந்ததைத் திருப்பித் தரக்கூடாது. என் துண்டை அவன் தட்டில் வைத்தால், "நீ சாப்பிடலையா?" என்று திருப்பி வைத்துவிடுவான். அதைத் தடுக்கத்தான் அந்த இரண்டாவது சட்டம்.

அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆன பிறகும் சட்டம் மாறவில்லை. மற்ற துண்டுகளைக் கட்டையால் தட்டி மெல்லிசாக்குவேன். அவனுடையதைத் தட்டமாட்டேன், இரண்டு விரல் தடிமன் இருக்கும். ஓரத்துக் கொழுப்பில் மூன்று கீறல் போடுவேன், எண்ணெயில் சுருளாமல் இருக்க. அந்த மூன்று கீறலைப் பார்த்தாலே அவன் துண்டு என்று தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் ஆயிற்று. பெண் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நான் அவளுக்கு வாயாடி என்று பேர் வைத்தேன். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. போனில்கூட, "அண்ணி, வாயாடி பேசுறேன்" என்பாள். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு இருந்தது பயம்தான். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் அவளுடைய அம்மா வீட்டில் தங்கிவிட்டார்கள். எனக்குச் சொல்ல மறந்துபோயிற்று. நான் மூன்று துண்டும் பொரித்து, மூன்று தட்டும் வைத்துக் காத்திருந்தேன். ஏழரைக்கு என்னுடையதை எடுத்துக் கடித்தேன். நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது. மெல்லுவதை நிறுத்தினேன், வீட்டில் வேறு ஒரு சத்தமும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே அப்படி இருந்தது. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுத் தெருவில் போய் நின்றேன்.

அதற்கு அடுத்த மாதம் அவனுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் நேர்முகத் தேர்வு வந்தது. முந்தின நாள் எனக்குக் கேன்டீனில் தலைக்கு மேல் வேலை. தாமதமாக வந்து, அவசரத்தில் எண்ணெயை அதிகமாகக் காயவிட்டேன். அவன் துண்டைக் குத்திப் பார்த்தபோது ஐம்பத்தெட்டு. எழுதினேன். திரும்பப் போட்டிருக்க வேண்டும். அவன் பசி பசி என்று கத்தினான், வைத்துவிட்டேன். அது கவனக்குறைவு, சத்தியமாகக் கவனக்குறைவுதான். மறுநாள் பிடித்தது, ஆறு நாள் வாந்தியும் பேதியும் காய்ச்சலும். நேர்முகத் தேர்வு போயிற்று. வாயாடிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் விடுப்புப் போட்டு, கரண்டியால் சூப் ஊட்டினேன், சட்டை மாற்றினேன். ஐந்தாம் நாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான். ஆறு வயதில் பிடித்த அதே பிடி. அந்த வாரம் முழுக்க எனக்குப் பயமே இல்லை, மேடம். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டாம் முறை நேர்முகத் தேர்வு வந்தபோது அது கவனக்குறைவு இல்லை. அவன் துண்டை மட்டும் காலையிலேயே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஐம்பத்தாறு. அதையும் எழுதினேன். ஏன் எழுதினாய் என்று நேற்றும் கேட்டீர்கள். பதினெட்டு வருஷமாக ஊசியைக் குத்தினால் கை தானாகப் பென்சிலுக்குப் போகிறது. பொய்யான எண் எழுத எனக்கு வராது.

ஆனால் கம்பெனிக்காரர்கள் அவனை விடவில்லை. உடம்பு தேறி வரட்டும் என்று காத்திருந்து, வேலையைக் கொடுத்துவிட்டார்கள். வாயாடிக்கு அப்போது ஏழாம் மாதம். சனிக்கிழமை வீட்டுச் சாமான் ஏற்ற வேன் வருவதாக ஏற்பாடு. கூடத்தில் அட்டைப்பெட்டிகள். அவனுடைய சின்ன வயசுப் படத்தையும் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை நான் அவன் துண்டை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். ஒரு வாரம் படுத்தால் வேன் போய்விடும், ஒரு மாதம் தள்ளிப்போகும், அதற்குள் பிரசவம் வந்துவிடும், பிறகு யார் போகப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். யாரும் சாகிற கணக்கு அதில் இல்லை.

சாயங்காலம் மூன்று துண்டு. எழுபத்தாறு, எழுபத்தைந்து, ஐம்பத்து நான்கு. மூன்று கீறல் போட்டதை அவன் தட்டில் வைத்தேன். நிறம் அப்படி வந்திருந்தது, நானே சொல்லக்கூடாது. கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

அவன் கத்தியை எடுக்கவில்லை. முள்கரண்டியால் முழுத் துண்டையும் குத்தித் தூக்கி அவள் தட்டில் வைத்தான். அவளுடைய மெல்லிசுத் துண்டைத் தான் எடுத்துக்கொண்டான்.

"ஐயோ, இது உங்களுது. அண்ணி உங்களுக்குன்னு செஞ்சது" என்றாள் அவள்.

"பெரிய துண்டு யாருக்குத் தேவையோ அவங்களுக்கு. நீ இப்போ ரெண்டு உயிருக்குச் சாப்பிடுறவ. தட்டுல விழுந்தா திருப்பக் கூடாது, அது இந்த வீட்டுச் சட்டம். என்னக்கா, சரிதானே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "சரிதான்" என்றேன்.

தட்டைத் தட்டிவிட்டிருக்கலாம், இன்னும் கொஞ்சம் பொரிக்கிறேன் என்று வாங்கிப் போயிருக்கலாம். எல்லாம் அப்போதே தோன்றியது, இப்போது யோசித்துச் சொல்வதில்லை. ஆனால் வாங்கினால் ஏன் என்று கேட்பான். வெட்டிப் பார்ப்பான். இரண்டு காய்ச்சலையும் நினைத்துப் பார்ப்பான். அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன், தட்டை வாங்கவில்லை. அவள் தக்காளி சாஸைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு வெட்டி வெட்டிச் சாப்பிட்டாள். "அண்ணி, நடுவுல என்ன மெத்துன்னு இருக்கு! உங்க கட்லட்டுக்காகத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன், தெரியுமா?" அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பாதி முடிந்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணி, ஒன்னு சொல்லணும். அங்க பாத்திருக்க வீட்டுல மூணு ரூம். ஒன்னு உங்களுக்கு. இவரு நீங்க வரமாட்டீங்கன்னு சொல்றாரு. நான் விடமாட்டேன். பிள்ளையை நான் ஒத்தையா எப்படி வளர்ப்பேன்? வந்துடுங்க."

மீதிப் பாதி அவள் தட்டில் இருந்தது, மேடம். இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வாய்ப்பேச்சாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பேசுகிறவள் ஆயிரம் பேசுவாள். அப்புறம், பாதி ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே என்றும் நினைத்தேன். "பாக்கலாம்மா. ஆறிடப்போகுது, நல்லா மென்னு சாப்பிடு" என்றேன். சாப்பிட்டாள். தட்டில் தூள்கூட மிச்சமில்லை.

வியாழக்கிழமை காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வெளியில ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். வெளியில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். அது உண்மைதான். வெள்ளிக்கிழமை வயிற்றிலேயே குழந்தை போயிற்று. பெண் குழந்தை. சனிக்கிழமை வேன் வந்தது. நான் வீட்டுக்குப் போய், வேண்டாம் என்று சொல்லி, டிரைவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அப்படியே அவன் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவளும் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, திங்கட்கிழமை மத்தியானம் தம்பி அடுப்படிக்கு வந்தான். அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். நோட்டை எடுத்தான். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு பின்னால் புரட்டினான். இன்னும் பின்னால் புரட்டினான்.

"அக்கா, அம்பத்து நாலு யாருது?"

நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கா?"

"உனக்குன்னா ஒரு வாரம் படுத்திருப்ப. அவ்வளவுதாண்டா" என்றேன். சமாதானமாகத்தான் சொன்னேன். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வாசல் வரைக்கும் போனான். இருபத்தைந்து வருஷம் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவளைப் பார்த்து அப்படிப் பயப்படுகிறான். ஒரு மணி நேரத்தில் உங்கள் ஆட்கள் வந்தார்கள். பொரிக்க எடுத்துவைத்த இரண்டு துண்டையும் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

எல்லாம் நான் செய்ததுதான். வெளியே வைத்தது, குறையாகப் பொரித்தது, பார்த்துக்கொண்டே இருந்தது, டாக்டரிடம் சொல்லாதது. காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. அவன் திங்கட்கிழமையிலிருந்து எதையும் வாயில் வைக்கவில்லையாம். யார் கொடுத்தாலும் நடுவில் பிளந்து பிளந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறானாம். என்னை ஒரு வேளைக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். அவன் கண் முன்னாலேயே ஊசியைக் குத்திக் காட்டுகிறேன், சாப்பிட்டுவிடுவான். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு அவன் சொன்னபோது அது சும்மா பேச்சு, மேடம், அவளும் இருந்தாள். இப்போதுதான் அது நிஜம்.