பழம் தின்னாதவன் திரும்பிப் போகலாம்

ஓக்லா: இன்னும் உக்காந்துட்டே இருக்கீங்களா? எழுந்திருங்க. ரெண்டாவது கொம்பும் ஊதிட்டாங்க.

யாக்கீம்: காதுல விழுந்துச்சு.

ஓக்லா: மூணாவது ஊதினா படை கிளம்பிடும். அப்புறம் ஊர்வாசல்ல போய் யார்கிட்ட சொல்லுவீங்க? நாய்கிட்டயா?

யாக்கீம்: நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல.

ஓக்லா: ஆண்டவர் என்கிட்ட பேசிட்டார்னு நேத்து நீங்கதானே அழுதீங்க...

யாக்கீம்: பொண்டாட்டிகிட்ட அழுதேன். ஊர்கிட்ட இல்ல.

ஓக்லா: அவர் சொன்னத அப்படியே சொல்லிட்டு வாங்க. நாலு வார்த்த.

யாக்கீம்: நாலு வார்த்தயா! 'அசீரியன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, இந்த வாசலத் தாண்டுறவன் ஒருத்தனும் திரும்ப மாட்டான்.' இதச் சொல்லிட்டு நான் உசுரோட வீடு வந்து சேருவேனா? ராஜாவோட தீர்க்கதரிசிங்க அத்தன பேரும் ஜெயம் ஜெயம்னு ஆடிக்கிட்டு இருக்காங்க.

ஓக்லா: அவங்க ராஜா வீட்டு ரொட்டியத் தின்னுட்டு ஆடுறாங்க.

யாக்கீம்: நான் களத்துல வாற்கோதுமை தூத்துறவன். ஆண்டவர்கிட்டயும் அதத்தான் சொன்னேன். வேற ஆளப் பாருங்க, எனக்கு வாய் கிடையாதுன்னு...

ஓக்லா: உங்களுக்கா வாய் கிடையாது? சந்தையில உங்க வாய்க்குப் பயந்து கழுதையே தன் விலையக் கொறச்சுக்கும்.

யாக்கீம்: சிரிக்காத ஓக்லா. போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் சொன்னான். ஊருக்கு வெளிய இழுத்துட்டுப் போய் கல்லால அடிச்சோம்.

ஓக்லா: ...அடிச்சோமா?

யாக்கீம்: நானும் ஒண்ணு போட்டேன். கை சும்மா இருந்தா சந்தேகப்படுவாங்கன்னு...

ஓக்லா: சீ!

யாக்கீம்: காறித் துப்பு. எனக்கே அருவருப்பாத்தான் இருக்கு.

ஓக்லா: அந்தப் பாவத்துக்காவது இப்ப போங்க. பக்கத்து வீட்டு மில்காவுக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க. ரெண்டும் படையில நிக்குதுங்க. காலையில என்கிட்ட எண்ணெய் வாங்கிட்டுப் போய் அதுங்க தலையில தேச்சு விட்டா.

யாக்கீம்: அதனாலதான்டி போக முடியல! 'உன் மகன் எங்க?'ன்னு மில்கா கேப்பா. என்ன சொல்ல? ஆளெடுக்க வந்த அதிகாரி என்ன கூவினான்? திராட்சைத் தோட்டம் போட்டு இன்னும் அதுல பழம் தின்னாதவன் திரும்பிப் போகலாம்னு. நம்ம யெத்தேர் முன்னாடி வந்து, 'நான் தின்னல'ன்னான். போன வருஷமே தின்னானே! நீயும் நானும் அந்தப் பழத்த ஆலையில மிதிச்சோமே...

ஓக்லா: மெதுவா... பின்னாடி ஆட்டுக்குத் தண்ணி வெச்சிக்கிட்டு இருக்கான்.

யாக்கீம்: அவனுக்குப் பொய்யே வராது. முந்தின நாள் வரைக்கும் ஈட்டியத் தீட்டிக்கிட்டு, போறேன் போறேன்னு குதிச்சவன். யாரு சொல்லிக் குடுத்தது?

ஓக்லா: பெத்தவதான். வேற யாரு?

யாக்கீம்: நீ பயந்துட்டன்னு நெனச்சு நானும் வாய மூடிக்கிட்டேன். ஆனா அது நடந்து பத்து நாளாச்சு. ஆண்டவர் என்கிட்ட பேசினது நேத்து. ஊரே ஜெயம்னு நம்பிக்கிட்டு இருந்தப்ப உனக்கு மட்டும் எப்படி...

ஓக்லா: ஐயோ, மூணாவது கொம்பு... போங்க, ஓடுங்க!

யாக்கீம்: ஊதட்டும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

ஓக்லா: கிணத்தடியில வெச்சு ஆண்டவர் என்கிட்டதாங்க முதல்ல சொன்னார். எனக்கு அந்தத் தைரியம் இல்ல, வீட்டுக்காரர் இருக்கார், அவர்கிட்ட சொல்லுங்கன்னு உங்களக் கைகாட்டி விட்டுட்டு... ஓடி வந்து என் புள்ளைய மட்டும் எழுப்பினேன்.