துப்பாக்கி இரும்பில் பூசியிருந்த மெழுகு

பெயர்: சிவபாலன் கனகேஸ்வரி. வயது: 54. பிறந்த இடம்: சங்கானை, யாழ்ப்பாணம். தற்போதைய முகவரி: பலாறோ சந்தைக்குப் பின்புற ஒழுங்கை, மூன்றாம் மாடி, அல்பெர்கேரியா, பலெர்மோ. தொழில்: வீட்டு வேலை. பதிவு செய்த திகதி: 03.10.2025. மொழிபெயர்ப்பு: செல்வி சிவானுஜா.

மேற்படி முகவரியில் கணவருடன் வசிக்கும் நான், பொலிதேயாமாவில் உள்ள சிஞ்ஞோர் கொராதோவின் வீட்டில் பதினொரு வருடங்களாக வேலை செய்து வருகிறேன். அவருக்கு வயது எழுபத்தொன்பது. மனைவி இறந்த பின்னர் தனியாக இருக்கிறார். வீட்டுத் திறப்பு ஒன்று என்னிடமும் உண்டு. நேற்றுக் காலை அடி விழும் சத்தமும் கூச்சலும் கேட்டதாகக் கீழ்வீட்டுக்காரர் சொன்னதால், எங்களுக்குள் சண்டை நடந்ததா என்று பொலிஸில் என்னிடம் கேட்கப்பட்டது. சண்டை நடக்கவில்லை. பதினொரு வருடத்தில் நாங்கள் சண்டை பிடித்தது ஒரேயொரு முறை, அதுவும் அவர் என்னுடைய நல்ல தும்புத்தடியால் பல்கனியில் புறா கலைத்ததற்காக.

சிஞ்ஞோரிடம் அனுமதிப்பத்திரத்துடன் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய வகை. போன வருடம் ஒரே குறிக்கு வைத்த மூன்று வெடியும் மூன்று இடத்தில் பட்டதாகவும், மரக்கட்டைக்குள் இரும்பு அசைவதுதான் காரணம் என்றும், இரண்டும் இடைவெளி இல்லாமல் பொருந்த உள்ளே பிசின் வார்க்கப் போவதாகவும் சொன்னார். அவருடைய மகன் சால்வோ, தகப்பனுக்கு மறதி வந்துவிட்டது, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரங்களும் தயாராக இருந்தன. இந்த வேலையைத் தன் கையால் பிழையில்லாமல் செய்து, நவம்பரில் பன்றி வேட்டைக்கும் போய் வந்துவிட்டால் மகன் வாயை மூடிக்கொள்வார் என்பது சிஞ்ஞோரின் எண்ணம். மூன்று நாட்கள் குசினி மேசையில் இருந்து மரத்தைச் சுரண்டினார். அந்தத் தூளை எல்லாம் கூட்டி அள்ளியது நான். தண்டையும் குண்டுகளையும் அவர் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டியதைக் கண்ணால் கண்டேன்.

முதலாம் திகதி புதன்கிழமை எங்களுக்கு ஆயுத பூசை. எதைக் கொண்டு சீவிக்கிறோமோ அதைக் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். விடிய எழும்பி என் கணவரின் ஸ்கூட்டருக்கும் வீட்டு இஸ்திரிப்பெட்டிக்கும் பொட்டு வைத்தேன். அதன் பின்னர் மிச்சச் சந்தனத்தைச் சின்ன டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். அங்கே உள்ள வக்யூம் மெஷினும் எனக்குச் சோறு போடுகிறதுதானே.

எட்டு மணிக்கு நான் போனபோது சிஞ்ஞோர் கையுறை வாங்கக் கபோ சந்தைப் பக்கம் போயிருந்தார். மேசையில் பத்திரிகைத் தாளின் மேல் துப்பாக்கியின் இரும்பும் மரமும் தனித்தனியாகக் கிடந்தன. இரும்பு பிசுக்குப் பிடித்து மங்கலாக இருந்தது. பக்கத்தில் நிறமில்லாத சப்பாத்து மெழுகு டப்பா திறந்தபடி இருந்தது. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, அதுவும் அன்றைய நாளில். அல்கஹோல் ஊற்றி இரும்பை மூலைமுடுக்கு விடாமல் பளிச்சென்று துடைத்தேன். அதன் பின்னர் மெழுகு டப்பாவை மூடி, சப்பாத்து அலுமாரியில் அதன் இடத்தில் வைத்தேன். அதன் பின்னர் மரக்கட்டையின் அடியில் ஒரு பொட்டு வைத்தேன். துப்பாக்கியில் உள்ள மஞ்சள் அடையாளம் என்னவென்று கேட்டீர்கள், அது இதுதான்.

சிஞ்ஞோர் வந்து பொட்டைக் கண்டு விளக்கம் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, "இருக்கட்டும், எனக்கு இப்ப எல்லாச் சாமியும் வேணும்" என்றார். அதன் பின்னர் பிசினின் இரண்டு பகுதியையும் கலந்து மரத்துக்குள் வார்த்து, இரும்பை அழுத்தி வைத்து, திருகாணிகளை இறுக்கினார். நாளைவரை யாரும் தொடக்கூடாது என்றார். அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

வியாழக்கிழமை காலை திருகாணிகளைக் கழற்றினார். இரும்பு வரவில்லை. ரப்பர் சுத்தியலால் அடித்தார். கீழே கேட்டது அந்த அடிதான். பிசின் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முதலில் இரும்பில் மெழுகு பூச வேண்டுமாம். அதை அவர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். முதல்நாள் பிசுக்கென்று நான் துடைத்தெடுத்தது அந்த மெழுகைத்தான். "பூசினனான், பூசினனான்" என்று கத்தினார். என்னைப் பார்த்துக் கத்தவில்லை. அதன் பின்னர் மெழுகு டப்பாவைத் தேடிப் போனார். அது சப்பாத்து அலுமாரியில் மூடியபடி இருக்கக் கண்டு, கதவைப் பிடித்தபடி நின்றார்.

அதன் பின்னர் என்னிடம் வந்து, "ஈஸ்வரி, நேற்று நீர் வரேக்கை இரும்பிலை மெழுகு கிடந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை சிஞ்ஞோர், நான் காணேல்லை" என்றேன்.

வருகிற மாதம் பேர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க வேலைப் பத்திரம் வேண்டும், வேலை போனால் அதுவும் போகும். அந்தப் பயத்தில் வாயில் வந்தது அதுதான். அவர் கதிரையில் இருந்தார். "அப்ப சால்வோ சொன்னது சரி" என்றார். அதன் பின்னர் மகனுக்குப் போன் எடுத்து, கையெழுத்து வைக்கிறேன், பத்திரங்களைக் கொண்டு வா என்றார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணியது. போன் விழுந்தது, அவரும் விழுந்தார். நான் உடனே அம்புலன்ஸ் கேட்டு 118-க்கு அடித்தேன்.

நேற்று இரவு என் கணவர், "நீர் ஒண்டும் கதையாதையும். ஆரும் காணேல்லைத்தானே" என்றார்.

"அந்த மனிசன் தன்ரை மூளை பழுதாப் போச்செண்டு நினைச்சுக்கொண்டு கிடக்குதப்பா" என்றேன்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஞ்ஞோருக்குப் பேச்சு வரவில்லை, ஆனால் சொல்வது விளங்குகிறது என்று தாதி சொன்னார். என்னைக் கண்டதும் விரலால் தன் தலையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். அதைப் பார்த்த பின்னரும் நான் வாய் திறக்கவில்லை. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சண்டை பற்றிக் கேட்ட பின்னர் நான் போகலாம் என்று அதிகாரி சொன்னார். மற்றவை எல்லாம் யாரும் கேளாமல் நானாகச் சொன்னவை.

இவ்வளவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. என்மேல் என்ன வழக்கு வந்தாலும் வரட்டும். ஆனால் கோப்பில் வைப்பதற்கு முன்னர் இதை இத்தாலிய மொழியில் சிஞ்ஞோருக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். வலது காதுப் பக்கம் நின்று வாசிக்க வேண்டும், இடது காது அவருக்குக் கேட்காது. முழுவதும் வாசிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது வாசிக்கவும்: அவர் மெழுகு பூசினார்.

(ஒப்பம்) சி. கனகேஸ்வரி