ஒரு படி கூடுதலாக

எந்தப் பொருள் வாங்கினாலும் கூட வரும் விளக்கப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவது என் வழக்கம். "இஸ்திரிப் பெட்டி வாங்கினா, அண்ணன் படிச்சு முடிக்கிற வரைக்கும் கசங்கின சட்டைதான்" என்று தங்கை கேலி செய்வாள். அப்போதெல்லாம் அவள் நன்றாகச் சிரிப்பாள்.

டாக்டர், அவளுக்கு இந்தப் பயம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போலக் கம்ப்யூட்டரில் அசையும் படம் செய்வது அவள் தொழில். கம்ப்யூட்டர் நான் வாங்கிக் கொடுத்தது. அப்பா அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியதும் நான்தான். அதைச் சொல்லிக்காட்டும் ஆள் நானல்ல.

ஒரு படம் தயாராக மணிக்கணக்காகிறது என்று அவள் அலுத்துக்கொண்டதால், புராசஸரை ஓவர்க்ளாக் செய்ய நானே கற்றுக்கொண்டேன். அதாவது, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் அதை ஓடவைப்பது. ஒரேயடியாக ஏற்றக் கூடாது. ஒரு படி ஏற்றி, தாங்குகிறதா என்று சோதித்து, பிறகுதான் அடுத்த படி. அப்படியே செய்தேன். புதிதாகக் கற்பவன் செய்யும் தவறையும் செய்தேன். கொஞ்ச நேரம் சோதித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். சின்ன வேலைகளுக்கு அது பறந்தது. பெரிய படம் ஒன்றை அவள் ஓடவிட்டபோது, சூடேறி, முக்கால்வாசியில் நின்றுபோனது. செய்ததெல்லாம் பாழ்.

"நான்தாண்ணா எதையோ மாத்தி அழுத்தித் தொலைச்சிட்டேன்" என்றாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, அந்த வெளியூர் வேலைக்கு அனுப்ப வேண்டிய படம் முடிஞ்சுதா? அடுத்த வாரம் கடைசி நாள்னியே" என்று கேட்டார்.

மாடிவீட்டுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

"கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேண்ணா. முன்னாடியே சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ" என்றாள் தங்கை.

"அதனால என்னம்மா" என்றேன். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். வேகத்தைக் குறைக்காமல் விட்டேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

படம் இரண்டாம் முறையும் நின்றது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை நானே வரவழைத்தேன். அவர் வருவதற்குள் பழைய வேகத்தை வைத்துவிட்டேன். முழுக்கச் சோதித்துவிட்டு, "மெஷின் பக்காவா இருக்கு சார். உக்கார்றவங்க கொஞ்சம் பாத்து உக்காந்தா போதும்" என்று சிரித்தார். அவளும் கூடச் சிரித்துவைத்தாள். அவர் படியிறங்கியதும் மறுபடி ஏற்றினேன். கடைசி நாள் கடந்தது. வேலை வேறு யாருக்கோ போனது.

அதன் பிறகு எதைத் தொட்டாலும் அவளுக்குச் சந்தேகம். அடுப்பை அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பாள். அணைத்துத்தான் இருப்பாள். சில நாள் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பற்றவைத்தது நான். அப்புறம் வாசல் கதவு, அப்புறம் அவளுடைய சாவி. ஒரு படி ஏற்றுவேன், தாங்குகிறாளா என்று பார்ப்பேன், பிறகுதான் அடுத்த படி. இந்த முறை அவசரப்படவில்லை.

இப்போது அவள் கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. பழைய வேகத்தில் அது ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. "நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மாத்திரைகளை வேளை தவறாமல் நான்தான் கொடுக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், டாக்டர். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். கூடப்பிறந்தவரே முதுகில் குத்தினால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வலி அவளுக்கு வேண்டாம்.