யாரும் ஏறாத பாலம்

விஷ்ராந்த்வாடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தம்பதி. வெளியே தூறல். புனேயில் பஸ்ஸுக்குள் தமிழ் கேட்டால் என் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

"ஆடிட்டுக்குப் போன இடத்துல நல்லா தூங்கிட்டேன்," என்றார் கணவர்.

"நீங்களா? மாத்திரை போட்டும் விடிய விடியப் புரள்ற ஆளு!"

"புது நடைமேம்பாலத்தை யாராவது உபயோகிக்கிறாங்களான்னு பாக்க, மேல போய் உக்காந்தேன். ஒருத்தரும் ஏறலை. நல்ல காத்து. கீழ ஹாரன் சத்தம்கூடக் கடல் மாதிரி கேட்டுச்சு. அப்படியே கண்ணு சொக்கிடுச்சு."

"அறிக்கையில என்ன எழுதப் போறீங்க?"

"வீண் செலவு, ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லைன்னுதான். அப்புறம் இடிச்சிடுவாங்க."

"ஒருத்தருக்குமா?"

சற்று நேரத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். மழைக்குள் அந்தப் பாலம் மங்கலாகத் தெரிந்தது. அந்த அம்மா எழுந்தார்.

"வாங்க, இறங்கலாம்."

"நம்ம ஸ்டாப் இன்னும் வரலையே?"

"தெரியும். வாங்க."

பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். ஊரே கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவர் மட்டும் படியேறிக்கொண்டிருந்தார்கள்.